பந்துக்கு ஷேடிங் போட்டாலும் தட்டையாகவே தெரிகிறது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வெண்தாள்:
வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். கோடு நன்றாகவே போடுகிறார்கள். ஷேடிங் என்று வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்கள்: வட்டம் போட்டு, விளிம்பைச் சுற்றிலும் கருப்பாக்கி, நடுவில் வெள்ளை விட்டு, விரலால் தேய்த்துவிடுகிறார்கள். பார்த்தால் அழுக்குப் படிந்த தட்டு மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு பெண் படத்தைக் கையில் கொடுத்து, "இது ஏன் சார் உருளவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பலகையில் அம்புக்குறி போட்டு, வெளிச்சம் இந்தப் பக்கம் என்று காட்டியும் பலனில்லை. நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பழையபென்சில்:
விளக்கிலிருந்து. முதல் வகுப்பில் பென்சிலைத் தொடவே விடமாட்டேன்.

டியூப்லைட்டை அணைத்து ஜன்னலைச் சாத்துங்கள். நாலு பக்கமும் வெளிச்சம் வந்தால் நிழல் கரைந்துபோகும், பிள்ளைகள் பார்க்க ஒன்றுமே இருக்காது. வெள்ளைத் தாள்மேல் பளபளப்பில்லாத வெள்ளைப் பந்து ஒன்று, பக்கவாட்டில் ஒரே ஒரு மேசை விளக்கு. கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லிவிட்டு, "எந்த இடம் ரொம்பக் கருப்பு?" என்று கேளுங்கள். முதலில் எல்லாரும் விளிம்பைத்தான் காட்டுவார்கள். பொறுமையாக இருங்கள். யாராவது ஒருவர், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே வளைந்து போகும் பட்டையைக் கண்டுபிடிப்பார். அந்தப் பட்டைதான் பந்தை உருட்டுகிறது. அதைத் தாண்டி விளிம்புக்குப் போகப் போக நிழல் மறுபடி லேசாக வெளுக்கும், தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து பந்தின் அடியில் படுவதால்.

இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். பந்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தாளை எடுத்துவிட்டுக் கருப்புத் துணியை விரியுங்கள். அந்த வெளுப்பு அவர்கள் கண்ணெதிரே அணைந்துபோகும். தாளை வைத்தால் திரும்ப வரும். நான் மூன்று நான்கு தடவை மாற்றி மாற்றிச் செய்வேன், எனக்கே அலுக்காது.

வீட்டுப்பாடமாக மூன்றாம் பிறையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறைக்குள் மீதி நிலாவும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. லியொனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே தன் குறிப்பேட்டில் இதை விளக்கியிருக்கிறார். வானத்தில் இருப்பதும் அதே பந்து, அதே பாடம்.

ஒரு எச்சரிக்கை: இதைக் கற்றதும் அந்த வெளுப்பை அளவுக்கு மீறி வெள்ளையாக்குவார்கள். அது நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம், வெளிச்சப் பக்கத்தோடு போட்டி போடக் கூடாது.

நாலாம்வரிசை:
பென்சிலையும் கவனியுங்கள். ஹெச்பி ஒன்றை மட்டும் வைத்து அழுத்தினால் தாள் பளபளக்குமே தவிர கருக்காது. பென்சில் முனையில் களிமண்ணும் கிராஃபைட் என்ற கரிப்பொருளும் கலந்திருக்கும்; களிமண் கூடினால் முனை கெட்டி, கிராஃபைட் கூடினால் கருமை. ஹெச்பி, அதைவிடக் கருப்பான 2பி, இன்னும் கருப்பான 6பி மூன்றும் இருந்தால் போதும். விரலால் தேய்ப்பதை நிறுத்துங்கள், தோலின் எண்ணெய் திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டால் ரப்பருக்கும் போகாது. பந்தின் வளைவோடு சேர்த்துச் சிறு கோடுகளாகப் போடச் சொல்லுங்கள்.

வெண்தாள்:
இன்று செய்து பார்த்தேன். துணியை விரித்ததும் வகுப்பே "ஆ" என்றது. அந்தப் பெண் இந்தத் தடவை பட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டாள். ஆனால் பந்து தரையைத் தொடாமல் மிதக்கிறது.

பழையபென்சில்:
அவள் படத்தில் தரை நிழல் முழுக்க ஒரே கருப்பாக இருக்கும், பாருங்கள். பந்து தாளைத் தொடும் இடத்தில், 6பியால் மெல்லிய கீற்றாக, இருப்பதிலேயே அதிகக் கருப்பு வைக்கச் சொல்லுங்கள். விலகிப் போகப் போக நிழலின் ஓரம் மங்கட்டும். அப்புறம் அந்த முதல் வட்டக் கோட்டை வெளிச்சப் பக்கத்தில் அழித்துவிட்டு, பின்னணிக்கு லேசாகச் சாம்பல் கொடுக்கட்டும். பந்து உட்கார்ந்துவிடும்.