டீப் பர்ப்பிள்: ராட் எவன்ஸ் உள்ளே, நிக் சிம்பர் வெளியே. இது நியாயமா?

நாலாந்தந்தி:
2016-ல் இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிளை, அமெரிக்காவின் இசைக் கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது எட்டுப் பேருக்கு இடம் கிடைத்தது. கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ், 1969-ல் வந்த பாடகர் இயன் கில்லன், பாஸ் ரோஜர் குளோவர், பின்னால் வந்த டேவிட் கவர்டேல், கிளென் ஹியூஸ், அப்புறம் முதல் பாடகர் ராட் எவன்ஸ். 1968-ல் எவன்ஸோடு சேர்ந்து தொடங்கி, அதே மூன்று ஆல்பங்களில் வாசித்து, 1969-ல் அவரோடு சேர்த்தே நீக்கப்பட்ட பாஸ் கலைஞர் நிக் சிம்பரின் பெயர் மட்டும் இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே காலம், ஒரே ஆல்பங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுக்க என்ன காரணம்?

ஆர்கன்பித்தன்:
காரணம் குரல். 'ஹஷ்' பாட்டு அமெரிக்காவில் 4-ஆம் இடம் வரை போனது. இங்கிலாந்தில் யாரும் கண்டுகொள்ளாத குழுவுக்கு அங்கே வாசல் திறந்துவிட்டது அந்தப் பாட்டுதான். ஒரு குழுவைக் கேட்கிறவன் முதலில் பிடித்துக்கொள்வது பாடுகிறவரின் குரலை. சிம்பர் நல்ல கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் குளோவர் வந்த பிறகு சிம்பர் இல்லாத குறையை யார் உணர்ந்தார்கள்?

நாலாந்தந்தி:
எவன்ஸ் இல்லாத குறையை மட்டும் யார் உணர்ந்தார்கள்? கில்லன் வந்து 'சைல்ட் இன் டைம்' பாடியதும் அந்தப் பேச்சே எழவில்லை.

இன்னொன்று. 'ரிங் தட் நெக்' யாருடையது? பிளாக்மோர், லார்ட், சிம்பர், பெய்ஸ் நால்வரின் பெயரும் அதில் இருக்கிறது. பாடல் வரியே இல்லாத இசை, அதனால் எவன்ஸுக்கு அதில் வேலை இல்லை. 1969 செப்டம்பர் 24 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில், சிம்பரை அனுப்பிவிட்ட பிறகு, புதிய ஐவரும் சேர்ந்து அதே 'ரிங் தட் நெக்'கை வாசித்தார்கள். அவர் போட்ட பாதையில்தான் குளோவரின் விரல் நடந்தது. நானும் பாஸ் வாசிக்கிறவன், அந்த ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவது லேசு இல்லை. ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறித் தாவும்போது கீழே தரை ஆடாமல் இருக்க வேண்டும்.

ஆர்கன்பித்தன்:
அந்தக் கணக்கில் 'மேண்ட்ரேக் ரூட்'டும் வரும். அதில் எவன்ஸின் பெயர் இருக்கிறது, அதையும் மார்க் 2 (கில்லன், குளோவர் சேர்ந்த இரண்டாவது அணி) மேடையில் வருஷக்கணக்கில் வாசித்தார்கள். ஆனால் சிம்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. பிளாக்மோர், லார்ட், பெய்ஸ் மூவரும் பழைய இருவரோடு மேடை ஏறிக்கொண்டே, லண்டன் ஹான்வெல்லில் கில்லன், குளோவரோடு ரகசியமாக ஒத்திகை பார்த்த கதை எனக்கும் வலிக்கும்.

மார்ஸ்ரசிகை:
நீங்கள் இருவரும் ஒரு வருஷத்துக் கலைஞர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ்? 1994-ல் சேர்ந்தார், 2022 வரை இருந்தார். கீபோர்டு வாசிக்கும் டான் ஏரி 2002-லிருந்து இருக்கிறார். 2016 ஏப்ரலில் புரூக்ளின் பார்க்ளேஸ் சென்டரில் அந்த விழா நடந்தபோது மேடையில் வாசித்தவர்கள் கில்லன், குளோவர், பெய்ஸ், மோர்ஸ், ஏரி. பிளாக்மோர் வரவில்லை, எவன்ஸும் வரவில்லை. வந்து வாசித்த இருவருக்கு விருது இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

பின்னால் வந்தவர்களுக்கு இடமில்லை என்பது விதி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸைச் சேர்த்தபோது ஜாஷ் கிளிங்ஹாஃபருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் அப்போது வாசித்திருந்தது ஒரே ஆல்பம். 2009-ல் மெட்டாலிகாவோடு ராபர்ட் ட்ருஹியோவும் சேர்ந்தார், அவர் குழுவுக்கு வந்ததே 2003-ல். மோர்ஸோ 2016-க்குள் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள், இருபத்திரண்டு வருஷம்!

ஆர்கன்பித்தன்:
மார்ஸ்ரசிகை அம்மா, கிளிங்ஹாஃபரைச் சேர்த்தது தவறு என்பதுதான் என் பதில். ஒரு தவறைக் காட்டி அடுத்த தவறைக் கேட்கக் கூடாது. ஹால் ஆஃப் ஃபேம் என்பது எத்தனை வருஷம் வேலை பார்த்தாய் என்பதற்கு அல்ல. இசையில் எது உன்னால் மாறியது என்பதற்கு.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' தொடக்கத்தைக் கூர்ந்து கேளுங்கள். பிளாக்மோர் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் இரண்டு தந்திகளையும் விரலால் ஒன்றாகச் சுண்டுவார், அதனால்தான் இரண்டு ஸ்வரமும் ஒரே நொடியில் எழுகிறது. அப்புறம் பெய்ஸின் ஹை-ஹேட் தாளத்தட்டு. அடுத்து லார்ட், ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி அதே வரியை உறுமவிடுவார். ஆர்கனா கிட்டாரா என்று பிரித்தறிய முடியாத அந்தக் கரகரப்பு வேறு யாரிடமும் இல்லை. 1971 டிசம்பரில் மான்ட்ரூ கேசினோ எரிந்து, காலியான ஹோட்டல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தை முடித்தவர்கள் அவர்கள். மோர்ஸ் அந்த வீட்டைக் கட்டவில்லை, பராமரித்தார்.

மார்ஸ்ரசிகை:
1993 கடைசியில் பிளாக்மோர் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். ஜோ சாட்ரியானி கொஞ்ச நாள் ஈடுகொடுத்தார். மோர்ஸ் வராமல் இருந்திருந்தால் பராமரிக்க வீடே இருந்திருக்குமா என்று யோசியுங்கள். 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்'கைப் போட்டுக் கேளுங்கள். முதலில் தனியாகச் சிந்தும் அந்தக் கிட்டார், பிளாக்மோர் போல வாசிக்க முயலவே இல்லை. கில்லனின் வயதான குரலுக்கு ஒரு புது இடம் செய்து கொடுத்தது அதுதான்.

மியாமி76:
பிளாக்மோர் முதல் முறை விலகியபோது கிட்டாருக்கு வந்த டாமி போலினை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'கம் டேஸ்ட் தி பேண்ட்' ஒரே ஆல்பம்தான், 1975. அடுத்த வருஷம் டிசம்பரில் மியாமியில் இறந்துபோனார், வயது 25. அதே ஆல்பத்தில் பாடிய கவர்டேலும் ஹியூஸும் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஆர்கன்பித்தன்:
அந்த இருவரும் 'பர்ன்' ஆல்பத்துக்காக உள்ளே இருக்கிறார்கள், அது போதும். போலினின் வாசிப்பு எனக்கும் உயிர். ஆனால் ஒரு ஆல்பம் என்று கிளிங்ஹாஃபரை மறுத்துவிட்டுப் போலினுக்குக் கை தூக்க என்னால் முடியாது.

நாலாந்தந்தி:
எவன்ஸ் 1980-ல் டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே வேறொரு குழுவை மேடையேற்றி, வழக்கில் தோற்று, 6,72,000 டாலர் இழப்பீடு என்ற தீர்ப்பையும் வாங்கினார். அவரையே மன்னித்துச் சேர்த்திருக்கிறார்கள். நல்லது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தப் பழியும் இல்லாத சிம்பரைத்தான் கேட்கிறேன்.

ஆர்கன்பித்தன்:
சரி, சிம்பருக்கு என் ஓட்டு உண்டு. முதல் ஐவரில் நால்வரைச் சேர்த்துவிட்டு ஒருவரை விட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, 'ரிங் தட் நெக்'கை மறுபடி கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மோர்ஸ் விஷயத்தில் இன்னும் மாறவில்லை.

மார்ஸ்ரசிகை:
நாளைக்கு மோர்ஸ் வந்த பிறகு வெளியான முதல் ஆல்பம் 'பர்ப்பெண்டிக்குலர்' முழுவதையும் கேளுங்கள் அண்ணா. அப்புறம் வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.