பேங்க் டீம் அடிப்பதால்தான் பேங்க் ஷாட் என்று நினைத்திருந்தேன்

சென்னையில் இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி. இரண்டுக்கும் பலமான கூடைப்பந்து அணிகள் உண்டு. அவர்கள் அடிக்கிற ஷாட் என்பதால்தான், பந்து ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டில் பட்டு உள்ளே விழுவதற்குப் பேங்க் ஷாட் என்று பெயர் வந்தது என்று பத்தாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், என்னோடு ஆடியவர்களில் இன்னும் இரண்டு பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

பள்ளியில் அந்த ஷாட்டுக்கு மரியாதையும் கிடையாது. வலையை மட்டும் உரசிக்கொண்டு சரக்கென்று இறங்கினால்தான் கைதட்டல். போர்டில் பட்டு விழுந்தால் "குருட்டு லக்குடா" என்பார்கள். அதனால் ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் போடும் லே-அப் தவிர வேறு எதற்கும் நான் போர்டைப் பார்த்ததே இல்லை.

கற்றுக்கொண்டது 36 வயதில். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு சிமெண்ட் கோர்ட். காலை ஐந்தரைக்குக் கல்லூரிப் பையன்கள் வருவார்கள், கூடவே அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரும் வருவார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் உறை, ஓட மாட்டார், குதிக்க மாட்டார். ரிங்குக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றுகொள்வார். அங்கே பந்து கைக்கு வந்துவிட்டால் டொக்கென்று ஒரு சத்தம், அப்புறம் வலை ஆடும். அவரை மார்க் பண்ணச் சொன்னால் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஷூட் பண்ணும்போது எதைப் பார்க்கிறே தம்பி?"

"ரிங்கைத்தான் சார்."

"அதை மறந்துடு. இந்தப் பக்கம் நின்னா, கட்டத்தோட இந்தப் பக்கத்து மேல் மூலை. அவ்வளவுதான்."

போர்டில் வரைந்திருக்கும் கட்டம் 59 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். அத்தனை வருடம் ஆடியும் அது எதற்கு இருக்கிறது என்று யோசித்ததில்லை. மூலையைப் பார்ப்பது சுலபம். பந்து கையை விடும் கடைசி நொடியில் கண் ரிங்குக்கு ஓடாமல் இருப்பதுதான் கஷ்டம். அதைப் பழக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கண் ஓடினால் பந்தும் கூடவே ஓடி ரிங்கின் விளிம்பில் மோதும்.

அடுத்த தப்பு, வேகம். நான் கேரம் ஆடி வளர்ந்தவன். கட்டையில் பட்டுத் திரும்புகிற கணக்குதானே என்று நேராக விட்டெறிந்தேன். பந்து ரிங்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. "சுவத்துல அடிக்காதே. மேலே போய் இறங்கும்போது போர்டைத் தொடணும்" என்றார். விரல் நுனியிலிருந்து விடும்போது பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது இல்லையா, அந்தச் சுழற்சியோடு போர்டைத் தொட்டால் பந்தின் முகம் மேல்நோக்கி உரசும், போர்டு அதைக் கீழே இழுத்து விடும். கேரம் காயினுக்கு இந்த வசதி கிடையாது. பனிக்காலக் காலையில் போர்டு ஈரமாக இருந்தால் பந்துக்கும் கிடையாது, பிடிப்பில்லாமல் வழுக்கிவிடும். பெரியவர் ஒரு பழைய துண்டு கொண்டுவருவார், பந்தைத் துடைக்க. போர்டு எட்டாதே!

வீட்டுக்கு வந்து தேடியபோது டிம் டங்கன் வீடியோக்கள் கிடைத்தன. நீச்சல் வீரராக வர நினைத்தவர். 1989-இல் ஹூகோ புயல் அவருடைய செயின்ட் குரோய் தீவில் நீச்சல் குளத்தை நாசமாக்கியதால் கூடைப்பந்துக்கு வந்தவர். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஐந்து பட்டங்கள். அவரும் அதே பக்கவாட்டு இடத்தில்தான் நிற்கிறார், அதே டொக். 2011-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினியில் பத்து லட்சம் ஷாட் போட்டுப் பார்த்து, சில இடங்களில் நேர் ஷாட்டைவிடப் பேங்க் ஷாட் 20 சதவீதம் வரை மேல் என்று சொல்லியிருந்தார்கள். பெரியவரிடம் சொன்னேன். "பத்து லட்சமா? நான் அதுக்கு மேலேயே போட்டிருப்பேன், போ."

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அதே இடத்திலிருந்து தொடர்ந்து மூன்று போட்டேன். மூன்றாவதுக்கு எதிரணிப் பையன் சொன்னான்: "செம லக்குண்ணா உங்களுக்கு."

* * *

அண்ணா, உங்கள் பேங்க் ஷாட் கதையைப் படித்தேன். உங்கள் கோர்ட்டில் வலை இருந்திருக்கிறது, கொடுத்து வைத்தவர். எங்கள் ஊர்ப் பள்ளி ரிங்கில் வலையே கிடையாது. சுத்தமாக உள்ளே போகும் ஷாட்டுக்குத்தான் சண்டை வரும்: உள்ளே போச்சா, முன்னாடியே விழுந்துச்சா என்று. நாங்கள் பெண்கள் அணி, மைதானத்தின் பாதியில் ஆடுவோம். மீதிப் பாதியில் பையன்கள் கிரிக்கெட். சண்டைக்கு நேரம் ஏது? அதனால் எல்லோருமே போர்டில்தான் போடுவோம். மரப்பலகை போர்டு, இடது பக்கம் ஒரு போல்ட் லூஸ். அந்தப் பக்கம் பட்டால் பந்து செத்துத் தொப்பென்று விழும். வெளியூர் அணிகளுக்கு அது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.