நிபா, ஆந்த்ராக்ஸ் போன்றவற்றுக்கு நல்ல ஆன்லைன் பயிற்சி தெரியுமா?

வணக்கம். கூடலூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் டாக்டராக இருக்கிறேன். கேரள எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. மலப்புறத்தில் நிபா என்று செய்தி வந்தாலே, காய்ச்சலும் குழப்பமுமாக வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அரிய தொற்றை முதல் நோயாளியிலேயே சந்தேகிக்கப் பழக்கும் பயிற்சி தேடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் இலவசப் பாடங்கள் அடிப்படைக்குச் சரி. எனக்கு வேண்டியது வேறு. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாத் தூளைத் தூவி அனுப்பிய கடிதங்களால் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். ஃபுளோரிடாவில் முதல் நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் தெரிந்த பாக்டீரியாவைப் பார்த்துத்தான் அங்கிருந்த டாக்டர் ஆந்த்ராக்ஸாக இருக்குமோ என்று சந்தேகித்தார். அப்படி ஒரு கேஸைக் கொடுத்து, "இப்போது யாருக்குத் தகவல் சொல்வீர்கள், சாம்பிளை எப்படி அனுப்புவீர்கள்?" என்று கேட்கிற பாடம் இருக்கிறதா? பெரியம்மை, பிளேக், பாட்டுலிசமும் (பாக்டீரியா நச்சால் தசைகள் செயலிழக்கும் நோய்) இருந்தால் நல்லது.

அப்புறம், நர்ஸ்களுக்குத் தமிழில் ஏதாவது வேண்டும். முக்கியமாகப் பாதுகாப்பு உடையைக் கழற்றும் முறை. போடுவதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து. 2018இல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

மலையில் சிக்னல் சுமார்தான், டவுன்லோடு செய்ய முடிந்தால் உத்தமம். சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்களே முடித்துப் பார்த்த பயிற்சியாக இருந்தால் பெயரும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதும் கமெண்டில் போடுங்கள்.