மறுமொழி: சி.டி. பிளேயர் 'ஜாம்': நெரிசலா, சிக்கலா?

> போக்குவரத்து நெரிசல் என்கிறோம். அதைப்போல 'வட்டு நெரிசல்' என்றே வைத்துக்கொள்ளலாமே.

அன்பர்களுக்கு வணக்கம். கார் சி.டி. பிளேயர் 'ஜாம்' ஆவதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; 'நெரிசல்', 'சிக்கல்' என்று இரண்டு சொற்கள் முன்வந்திருக்கின்றன.

நெரிசலுக்குக் கூட்டம் வேண்டும். ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்கு அன்று மயிலாடுதுறைக் காவிரித் துலாக்கட்டத்தில் இருப்பது நெரிசல். கார் பிளேயருக்குள் கிடப்பது 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு வட்டு. அது யாரோடு நெரியும்?

'சிக்கல்' கேசட்டோடு போன சொல். நாடா சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்போம். வட்டில் சிக்க நூலா இருக்கிறது? (சிக்கல் என்றால் எனக்கு நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிக்கல் ஊர் முருகன் சிங்காரவேலர்தான் நினைவுக்கு வருகிறார், அதை விடுங்கள்.)

என் குறை வேறு. ஜாம் என்ற ஒரே சொல்லில் இரண்டு கோளாறைத் திணித்து வைத்திருக்கிறோம். போன சித்திரையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். தாராசுரம் கோயிலுக்கு வெளியே, உச்சி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் பாட்டு அரை நிமிடம் ஓடி நின்றது. திரையில் 'ஹீட்' என்று மின்னியது. மாமா அதைப் பார்க்கவே இல்லை. "ஜாம் ஆயிடுச்சு மாப்ள" என்று ஸ்டீல் ஸ்கேலை பிளேயரின் வாயில் விட்டு நெம்பினார். தூசி தடுக்க ஒட்டியிருந்த துணிப்பட்டை பிய்ந்து உள்ளே ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டது. அதுவரை இல்லாத ஜாம் அப்போதுதான் வந்தது!

கும்பகோணத்தில் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். வட்டை உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் அந்த உருளைதான். வட்டில் ஒட்டிய காகித லேபிள் வெயிலில் ஓரம் கிளம்பினாலும், 8 செ.மீ. சின்ன வட்டைப் போட்டாலும் "இப்படித்தான் சார் கவ்விக்கும்" என்றார். சூடு தனிக் கதை. வட்டைப் படிக்கும் லேசர் டயோடு கெடாமலிருக்க பிளேயர் தானாக நின்றுகொள்ளும், ஆறினால் பாடும்.

ஆகவே முதலாவதற்குக் 'கவ்வல்'. இரண்டாவதற்கு, அதாவது சூட்டில் தானாக நிற்பதற்கு, 'சூட்டோய்வு'. இங்கே ஒருவர் சொன்ன 'வெப்ப முடக்கம்' வேண்டாம். முடங்கியது என்றால் நம்மவர்கள் பழுது என்று கடைக்குத் தூக்கிவிடுவார்கள். பம்புசெட் மோட்டார் சூடேறி ட்ரிப் ஆனால் "கொஞ்சம் ஓய்வு குடு" என்றுதானே சொல்கிறோம்? கையேட்டில் இப்படி வரலாம்:

சூட்டோய்வு: கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருக்கவும். பிளேயரின் வாயில் எதையும் விட வேண்டாம்.
கவ்வல்: வெளியேற்றும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கவும். அசையாவிட்டால் வண்டியை அணைத்து, பிளேயரின் ஃபியூஸைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மாட்டவும்.

மறுமொழி:

> ஆகவே முதலாவதற்குக் 'கவ்வல்'.

திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன், ஐயா. சூட்டோய்வு நன்று. ஆனால் 'வட்டுக் கவ்வல்' என்று எழுதினால் வட்டு எதையோ கவ்வுகிறது என்று படிப்பார்கள். கவ்வுவது உருளை. 'உருளைக் கவ்வல்' என்று பதியலாமா?

மறுமொழி:

சரிதான் அம்மா, அப்படியே பதிகிறேன். 'வெளியேற்று' (இஜெக்ட்) மட்டும் இன்னும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் "சி.டி.யைத் துப்பிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். எங்களுடையது கொழுந்து வெற்றிலை விளைகிற, மென்று துப்புகிற ஊர். 'துப்பு' என்று பொத்தானில் எழுதினால் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழு ஒப்புமா?