நாயனக்காரர் சாப்பிட்டாரா?

இந்த இணையக் குழுவில் பலரும் பெரிய இசை வித்வான்களைச் சந்தித்த கதையை எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது கல்யாணங்களில் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிக்கும் ஒருவரைப் பற்றி. சுற்றுவட்டத்து நாலைந்து ஊருக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது.

2009 ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு மண்டபம். மேளக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டிருந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்க வேண்டும், அதற்குத்தான் மேளம் என்று நினைத்திருந்தேன்.

விடியற்காலை நாலரைக்கே வந்துவிட்டார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதி பிடிக்கும் துணைக் குழலான ஒத்துக்குப் பதிலாகச் சுருதிப் பெட்டி. தயாராகிவிட்டார்களா என்று பார்க்கப் போனேன். நாயனக்காரப் பெரியவர் பாயில் உட்கார்ந்து, ஊதும் வாயான சீவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயனத்தின் மேல்முனையில் ஐந்தாறு சீவாளிகள் கயிற்றில் தொங்கின. ஒன்றை வாயில் ஊறவைப்பார், கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் செருகி ஊதிப் பார்ப்பார், பிடிக்காமல் கழற்றிவிட்டு அடுத்ததை எடுப்பார். கொறுக்கைத் தட்டையில் செய்த சின்னஞ்சிறு பொருள் அது. அதன் வாயை ஊசியால் நெம்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி உதட்டில் வைத்தார். இருபது நிமிடம் இதே வேலை.

"இன்னும் ஆகலையா?" என்று கேட்டேன்.

"ராத்திரி மழை பேஞ்சிருக்குல்ல தம்பி, ஈரக்காத்து. தங்கச்சி கல்யாணம், முதல் மூச்சே பிசிறக் கூடாது" என்றார்.

அவர்களுக்குக் காபி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது. தோடி ராகத்தை எடுத்தார். மண்டபத்தில் பாதிப் பேர் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் டிபன் பந்தியில். ஒரு மாமா நேராகப் போய், "சினிமாப் பாட்டு ஏதாவது வாசிங்களேன், கலகலன்னு இருக்கும்" என்றார். பெரியவர் தலையாட்டினார். எடுத்த பிடியை முடித்து, சட்ஜத்தில் வந்து நின்று, பிறகு கேட்ட பாட்டை வாசித்தார். முகம் கோணவில்லை. தோடியை எவ்வளவு கவனமாக வாசித்தாரோ அதே கவனத்தோடு வாசித்தார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது.

அதற்குப் பிறகு வேறொரு ராகம். தாம்பாளத்தோடு போய்க்கொண்டிருந்த அம்மா தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று பதறிப் போனேன்.

"ஒண்ணுமில்லடா. எங்கப்பா திண்ணையில உக்காந்து இதைத்தான் முனகிக்கிட்டிருப்பாரு. என்ன ராகமோ, யாரு கண்டா."

அது ஆனந்த பைரவி என்பதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர் அம்மாவைப் பார்த்துவிட்டார். முடிக்கப் போனவர் முடிக்காமல் கீழே இறங்கி மறுபடி சுற்றி வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பகல் மூன்று மணிக்கு அம்மா கேட்டார்: "நாயனக்காரர் சாப்பிட்டாரா?"

ஓடினேன். கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் இல்லை, பாயசம் இல்லை. ரசமும் மோரும் மட்டும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "இதுவே போதும் தம்பி. சாயங்காலம் கோயில்ல வாசிக்கணும், வயித்தை நிறைச்சா மூச்சு நிக்காது." பக்கத்தில் தாளம் போட்ட பையன் வெறும் இலையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். என் தலை குனியக் கூடாதென்று சொன்ன வார்த்தை அது.

*

மேலே எழுதிய நண்பருக்கு. நான் ஆடுதுறைக்காரன். பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அந்த ஊர் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருமுறை வெளியூர் நண்பரை அங்கே ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். பழைய வீடு பிரித்த ஆச்சா மர உத்திரங்கள் சுவரோரம் கிடந்தன. புது மரம் ஆகாது, காயக் காய முறுக்கிக்கொள்ளும். நம் பாட்டன் காலத்தில் ஏதோ ஒரு கூடத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கட்டைதான் கடைசலில் ஏறி நாயனத்தின் உலவு, அதாவது உடல் குழல், ஆகிறது. விரல் வைக்க ஏழு துளை. விரல் படாத துளைகள் ஐந்து, அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

1955-ல் நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்ற நீளமான நாயனத்தைச் செய்து கொடுத்தது இந்த ஊரில்தான். அதற்கு முன் இருந்த திமிரி என்ற நாயனம் குட்டையானது, சுருதி தூக்கல். அதில் சுத்த மத்தியமம் என்ற 'ம' சுரம் எளிதில் பிடிபடாது. புதுக் கருவியில் அது தானாகப் பேசியது. அந்தக் கதையை ஆர்வத்தில் நான் அளந்துகொண்டிருந்தபோது, பட்டறைக்காரர் துளையின் விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். ஊதிப் பார்த்தார், மறுபடி ராவினார்.

"ஒரு ராகம் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார் நண்பர்.

"சுரம் நிக்குதான்னு பார்க்கத்தான் எனக்குத் தெரியும். ராகமெல்லாம் அவுங்களுது" என்றார். அதைச் சொல்லும்போதும் கண் துளையில்தான் இருந்தது.

*

சின்ன அனுபவம் ஒன்று. எங்கள் எதிர்வீட்டில் தவில்காரர் ஒருவர் குடியிருந்தார். துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரல் விரலாகச் சுற்றி, காயவைத்து, தவில் அடிக்க விரலில் மாட்டும் கூடு செய்துகொள்வார். கல்லாட்டம் இருக்கும். நைந்துபோன கூடுகளை என் மகளிடம் கொடுத்துவிடுவார். அவள் அதை மாட்டிக்கொண்டு பிஸ்கட் டின்னை ஒரு வழி பண்ணுவாள். கச்சேரி முடித்து விடியற்காலை வந்து அப்போதுதான் படுத்திருப்பார், நான் அவளை அதட்டுவேன். அவர் எழுந்து வெளியே வந்து, ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, முழுக்கக் கையில் தாளம் போட்டு நின்று கேட்டுவிட்டு, "வலந்தலை நல்லாப் பேசுது பாப்பா, தொப்பிதான் இன்னும் எழும்பலை" என்பார். வலந்தலை தவிலின் வலப்பக்கம், தொப்பி இடப்பக்கம். தன் சிஷ்யனிடம் சொல்கிற அதே குரலில் சொல்வார்.

*

என் தங்கை கல்யாணத்தில் வாசித்த நாயனக்காரரை மறுபடி பார்த்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். எட்டு வருஷம் கழித்து, எங்கள் ஊர்த் திருவிழாவில். சாமி புறப்பாடாகி மேலவீதிக்கு வரும்போது ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கூடவே வந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அம்மாவுக்கு முட்டிவலி, எங்கும் போவதில்லை. வாசற்படியில் நின்று தீபாராதனை பார்த்தார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவைத்தான் உற்றுப் பார்த்தார். "கல்யாணத்துல தூணோரமா நின்னீங்களே, அந்தம்மாதானே?"

அம்மா ஆமாம் என்று சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"சாமி உள்ள போகட்டும்மா, அப்புறம்தான்" என்று சிரித்தார். நான் உள்ளே ஓடி ஒரு சொம்பில் பாலை ஆற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு கையாலும் வாங்கி, பாதி குடித்துவிட்டு, மீதியைத் தவில்காரரிடம் கொடுத்தார். பிறகு கயிற்றில் தொங்கிய சீவாளிகளில் ஒன்றைத் தேடி எடுத்து வாயில் வைத்து ஊறவைத்தார். சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்து நின்றார்கள். ஆனந்த பைரவி. அம்மா மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.