பட்டை பட்டையாக வண்ணம்: இந்தப் படத்தில் நான் எங்கே பார்க்க வேண்டும்?

கேட்டவர்: நாற்றங்கால்

வணக்கம். குடவாசல் பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நஞ்சை. மகன் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறான், இது கடைசி வருடம்.

தேர்வுக்காக ஒன்றரை மாதமாக வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே படத்தை வரைந்துகொண்டிருக்கிறான். ஆறடி உயரக் கித்தான். ஆள் இல்லை, மரம் இல்லை, கோபுரம் இல்லை. குறுக்கே ஏழு பட்டைகள். நீலம், சாம்பல், சேற்று நிறம், மறுபடியும் நீலம். கேட்டால் அயர்லாந்துக்காரர் ஷான் ஸ்கல்லி என்கிறான். அவருடைய படங்களைக் கைப்பேசியில் காட்டினான். அவையும் பட்டைகள்தான்.

"இத்தனை வருடம் படித்தது கோடு போடவா?" என்று அவன் அப்பா கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். அவன் வீண் வேலை செய்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. யார் இந்த ஸ்கல்லி? ஏன் பட்டையாகவே வரைகிறார்? படத்தின் முன்னால் நின்றால் நான் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய டிராயிங் மாஸ்டர்

அம்மா, முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பட்டையைப் பார்க்காதீர்கள். ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஸ்கல்லியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அவர் 1945இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. நான்கு வயதில் குடும்பம் பிழைப்புக்காக லண்டனுக்குப் போய்விட்டது. பதினைந்து வயதில் ஓர் அச்சுக்கூடத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். வான்கோ வரைந்த நாற்காலிப் படம் அப்போது லண்டனின் டேட் என்ற ஓவியக் காட்சிக்கூடத்தில் இருந்தது. அதை இளம் வயதில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர் அவர். ஒரு வைக்கோல் நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் அதில் உட்கார்ந்து எழுந்தவனின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கும். பிறகு ஓவியக் கல்லூரி. 1969இல் மொராக்கோ போனார். அங்கே கூடாரத் துணியிலும் நெய்த விரிப்புகளிலும் பார்த்த பட்டைகள் மனத்தில் தங்கிவிட்டன. 1975இல் நியூயார்க்கில் குடியேறினார்.

ஆரம்பத்தில் அவரும் ஒட்டுநாடா ஒட்டித்தான் கோடு போட்டார். கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. 1981இல் வரைந்த 'பேக்ஸ் அண்ட் ஃபிரன்ட்ஸ்' அவரை வேறு பக்கம் திருப்பியது. பதினொரு பலகைகள், சுமார் இருபது அடி நீளம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஆட்களைப் போல. அதற்கப்புறம் கோட்டைக் கையால்தான் இழுத்தார். கை நடுங்கினால் கோடும் நடுங்கும். அதை அவர் மறைக்கவில்லை.

1983இல் மகன் பால் கார் விபத்தில் இறந்துபோனான். அடுத்த வருடம் 'பால்' என்று மகனின் பெயரையே வைத்து ஒரு பெரிய படம் வரைந்தார். அதிலும் முகம் கிடையாது, பட்டைகள்தான். டேட் சேகரிப்பில் இருக்கிறது. மகன் போன துக்கத்தையும் அதே பட்டைகளில் வைத்த ஒருவரிடம் போய் "கோடு போடவா படித்தாய்?" என்று கேட்க எனக்கு வாய் வராது.

உங்கள் மகன் காட்டியது 'லேண்ட்லைன்' என்ற பட வரிசையாகத்தான் இருக்க வேண்டும். தொலைபேசி அல்ல, நிலக்கோடு. 1999இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் நின்று நிலம், கடல், வானம் மூன்றையும் ஒரு புகைப்படம் எடுத்தார். வரிசைக்கு வித்து அதுதான். பெரும்பாலானவை அலுமினியத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணம், ஏழடிக்கு ஆறேகால் அடி. கீழ்ப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அகலத் தூரிகையால் அடுத்ததை இழுத்துவிடுவார். ஒன்றின் ஈரம் மற்றதில் ஏறும். நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளியில், அடியில் பூசிய சிவப்பு எட்டிப் பார்க்கும்.

அயர்லாந்தின் அரான் தீவுகளில் வயலுக்கு வயல் கல்லடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள், நடுவில் சாந்து கிடையாது. அந்தச் சுவர்களைத் தேடிப் போய்ப் படம் பிடித்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். வரப்பைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பிரியம் சொல்லாமலே புரியும். உங்கள் வீட்டுக்காரர் அண்டை வெட்டிச் சேறு பூசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். புதுச் சேறு பழைய வரப்பில் ஒட்டும் இடம் ஒரே நேராகவா இருக்கிறது? தண்ணீர் நிற்பதும் கசிவதும் அந்த இடத்தைப் பொறுத்துத்தானே?

ஒன்று கேட்க வேண்டும். மகன் ஒட்டுநாடா ஒட்டித்தான் வரைகிறானா?

பதில்: திருபுவனம் தறி

மாஸ்டர் சொன்ன மொராக்கோ விரிப்பைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பட்டுத் தறியில் உட்கார்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

பாவில், அதாவது நீள நூலில், நீலமும் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், பச்சையும் ஓட்டினால் மயில்கழுத்து வரும். அந்த நிறத்தில் நாங்கள் நூல் வாங்குவதே இல்லை. இரண்டு நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதில் அது பிறக்கிறது. சேலையை வெயிலில் திருப்பினால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சேலையின் உடல் பகுதியைப் பார்க்கமாட்டார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவுவார்கள். அங்கே இழை நெருடினால் சேலையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா, உங்கள் மகன் படத்தையும் பக்கவாட்டில் நின்று, சாய்ந்த வெயிலில் ஒருமுறை பாருங்கள்.

நாற்றங்கால்

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. எழுத நான்கு நாள் ஆகிவிட்டது.

ஒட்டுநாடாதான் ஐயா. படத்துக்குக் கீழே சுருள் சுருளாக உரித்துப் போட்டிருந்தான். நீங்கள் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். 'பால்' படம் வரைக்கும் வந்தபோது வாங்கித் தானே படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் கீழ் மூன்று பட்டைகளின் மேல் நாடா இல்லாமல் மறுபடி பூசியிருக்கிறான். சேற்று நிறம் சாம்பலுக்குள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தம்பி சொன்னபடி பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தூரிகை போன தடம் நாற்று பறித்த சேற்றில் விரல் போன தடம் மாதிரி தெரிந்தது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

அவர் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு வெகுநேரம் படத்தின் முன் நின்றார். பிறகு மகனிடம் சேற்றுப் பட்டையைக் காட்டி, "தண்ணீர் வைத்து மூன்று நாளான சேறு இது. முதல் நாள் இன்னும் வெளுப்பாக இருக்கும்" என்றார். அவன் "முதல் நாளையும் பார்க்க வேண்டும் அப்பா" என்றான். நாளைக்கு நடவுக்குத் தண்ணீர் கட்டுகிறார்கள். இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

இன்னொன்று ஐயா. அகலத் தூரிகை வேண்டுமாம். கல்லூரிப் பக்கத்துக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

பழைய டிராயிங் மாஸ்டர்

ஓவியக் கடைக்குப் போக வேண்டாம் அம்மா. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நான்கு அங்குலத் தூரிகை வன்பொருள் கடையில் கிடைக்கும். பன்றிமுடித் தூரிகை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், நைலான் வேண்டாம். புதிதில் முடி உதிரும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, சீப்பால் வாரி, நன்றாகக் காயவிட்டு எடுத்தால் படத்தில் முடி ஒட்டாது. நடவு முடிந்த பிறகு கும்பகோணம் வந்தால் படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நானும் பார்க்க வேண்டும்.