கம்ப்யூட்டர் அப்கிரேட், பிரவுசர் அப்டேட்: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

காவிரிக்கரை:
அப்பாவோட பழைய டெஸ்க்டாப். கோர் 2 டியோ பிராசசர், ஜி31 மதர்போர்டு, விண்டோஸ் 7. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பழைய ஹார்ட் டிஸ்க்குல இருந்ததை அப்படியே நகலெடுத்து (க்ளோன்) 240 ஜிபி எஸ்எஸ்டி, அதான் சுத்துற பாகமே இல்லாத, சத்தம் போடாத டிஸ்க், போட்டுட்டேன், ரேமும் 4 ஜிபி ஆக்கிட்டேன், அந்த போர்டுல அதுக்கு மேல ஏறாது. ஸ்பீடு பத்தி உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல. மனசுல நிக்கிறது வேற. அப்பா பவர் பட்டனை அமுக்கினார், டெஸ்க்டாப் வந்தாச்சு, அவர் ஸ்கிரீனைப் பாக்கவே இல்ல, குனிஞ்சு கேபினட் மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு "ஓடுதாடா இது?"ன்னு கேக்குறார். இத்தனை வருஷமா அந்த டிஸ்க் கடகடன்னு சத்தம் போட்டாத்தான் மெஷின் வேலை செய்யுதுன்னு அவருக்குக் கணக்கு. இப்ப பிரச்சினை குரோம்தான். 109-ம் வெர்ஷன்லயே நிக்குது, இனிமே அப்டேட் வேணும்னா விண்டோஸ் 10 வேணும்னு மேல ஒரு பட்டை, மூடினாலும் திரும்ப வருது. போன் பண்ணும்போதெல்லாம் "அந்தப் பட்டை இன்னும் போகலடா"ன்னு அதைத்தான் முதல்ல சொல்றார்.

ஸ்க்ரூடிரைவர்:
காவிரிக்கரை தம்பி, எஸ்எஸ்டி போட்டது சரி, ஆனா விண்டோஸ் 7-ஐ அப்படியே க்ளோன் பண்ணது எனக்கு ஒப்பல. 2020 ஜனவரி 14-ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, குரோம் 109 வந்ததே 2023 ஜனவரி, அதுல அப்பா பேங்க் சைட்டைத் திறந்தா என்ன பண்ணுவீங்க? என் அனுபவம் சின்னதுதான். அண்ணன் வீட்டு சிஸ்டம் ஐ5 ஏழாவது ஜெனரேஷன், நல்லா ஓடிட்டிருந்தது, விண்டோஸ் 11 போடப் போனா இந்த பிராசசர் லிஸ்ட்லயே இல்லன்னுது, ஏன்னா இன்டெல்ல எட்டாவதுலேருந்துதான் லிஸ்டே ஆரம்பிக்குது, ஏழுல ஏதோ ஒண்ணு ரெண்டுதான் விதிவிலக்கு, டிபிஎம் 2.0-ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் வேற கேக்கும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட கதை முடிஞ்சுது. நல்ல மெஷினைத் தூக்கிப் போடச் சொல்றாங்களேன்னு அண்ணன் என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுல இருக்கு.

சரி, உங்களுக்குச் சொல்றேன். முதல்ல உங்க விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாருங்க, 32-ன்னா 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் யூஸ் ஆகும். 7-லதான் இருப்பேன்னா குரோமை விட்டுட்டு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (புது வசதி சேக்காம செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நாள்பட வர்ற பதிப்பு) போடுங்க, 7-க்கு வந்த கடைசி ஃபயர்ஃபாக்ஸ் அதுதான், குரோம் நிறுத்தின பிறகும் ரொம்ப நாள் அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சு. ஆனா என்னைக் கேட்டா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ், அதுல பழைய மெஷினுக்கு லேசா இருக்குற எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். அது 64 பிட் பிராசசர் கேக்கும், கோர் 2 டியோ 64 பிட்தான், பயப்படாதீங்க. பெண்டிரைவ்ல ஏத்தி டிஸ்க்கைத் தொடாம லைவ்லயே ஓட்டிப் பாக்கலாம், அப்பாவுக்குப் பிடிச்சா மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க.

மதுரை மல்லி:
எங்க வீட்டுக்கு வந்த சர்வீஸ் ஆள் ரேம் மாத்திட்டுப் போனார், மறுநாள் எந்த வெப்சைட்டும் திறக்கல, எல்லாத்துக்கும் ஒரே எரர். திரும்பக் கூப்பிட்டா பிரவுசரை அழிச்சுப் போட்டார், கேபிளைப் பிடுங்கி மாட்டினார், கடைசில மதர்போர்டு போயிருச்சு, நாலாயிரம் ஆகும்னுட்டார். என் மாமியார் பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தவங்க, "ஏத்தா, மூலையில ஜனவரின்னு போட்டிருக்கே, நாம இப்பத்தான ஆடி முடிச்சோம்"னாங்க. பாத்தா தேதி 2009 ஜனவரி 1. அந்த எரர் பக்கத்துலயே உங்க கடிகாரம் பின்னாடி இருக்குன்னு இங்கிலீஷ்ல பெருசா எழுதியிருக்கு, அந்த ஆள் ஒரு தடவைகூட அதைப் படிக்கல! போர்டுல ஒரு காசு சைஸுக்கு இருக்குற சிஆர் 2032 பேட்டரி தீந்துபோச்சு, பிளக்கைப் பிடுங்கினதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருச்சு, வெப்சைட் நிஜமானதுன்னு காட்டுற சர்ட்டிபிகேட்டெல்லாம் அந்தத் தேதிக்கு ரொம்ப அப்புறம் வர்ற வருஷத்துக்குள்ளது, அதான் பிரவுசர் நம்ப மாட்டேங்குது. கடிகாரக் கடையில சில்லறைக் காசுக்கு வாங்கிப் போட்டோம். விஷயம் தெரியாத வீடா இருந்தா அந்த நாலாயிரம் போயிருக்கும்ல, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கணக்கு அக்கா:
ஸ்க்ரூடிரைவர் அண்ணா, அப்டேட் பண்ணுன்னு சொல்றது ஈசி. நான் வீட்டுலேருந்து அக்கவுண்ட்ஸ் பாக்குறவ. 2017-ல ஒரு ஃபைலிங் சைட், டிஜிட்டல் சிக்னேச்சர் போட பிரவுசருக்குள்ள ஓடுற ஜாவா பிளகின் வேணும். குரோம் 2015-லயே அதைத் தூக்கிடுச்சு, நாங்கல்லாம் ஃபயர்ஃபாக்ஸ்ல ஓட்டிட்டிருந்தோம். கடைசி தேதி சாயங்காலம் ஃபயர்ஃபாக்ஸ் தானா 52-க்கு மாறி உக்காந்திருக்கு, அதுலயும் ஜாவாவைத் தூக்கிட்டாங்க. சிக்னேச்சர் இருக்குற யூஎஸ்பி டோக்கனைக் குத்தியாச்சு, பின் நம்பர் கைல இருக்கு, சைன் பட்டன் வர்ற இடத்துல வெறும் சாம்பல் கலர் கட்டம். கிளையன்ட் லைன்ல இருக்கார், "ஆச்சாம்மா?"ங்கிறார். கடைசில 52 இஎஸ்ஆர் இறக்கினப்புறம்தான் ஜாவா ஓடிச்சு. செக்யூரிட்டி முக்கியம்தான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா சைட்டு நடத்துறவங்க மாத்தாம பிரவுசர் மட்டும் மாறினா நடுவுல மாட்டிக்கிறது யாரு?

வெள்ளவத்தை:
நீங்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றிக் கதைக்கிறியள், எங்களுக்கு எழுத்தே வராத காலம் ஒண்டு இருந்தது. 2008இல கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ரேம் வாங்கிக்கொண்டு வந்து போட்டனாங்கள், விண்டோஸ் எக்ஸ்பிதான். அப்புவுக்கு ஊர்ச் செய்தி வாசிக்க வேணும். திறந்தால் தமிழ் எல்லாம் உடைஞ்சு கிடக்கு, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில புள்ளி வட்டம். ரீஜனல் செட்டிங்ஸில, தமிழ் மாதிரி எழுத்துகளைச் சேர்த்துக் காட்டிற கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எண்டதுக்குச் சரி போட எக்ஸ்பி சீடியைக் கேக்குது. ஒருமாதிரிச் சீடி தேடிப் போட்டு சரிவந்தாலும், ஃபயர்ஃபாக்ஸ் 2இல ரெண்டு பக்கமும் சமமா அடுக்கின பக்கங்கள் திரும்பவும் பிரிஞ்சு தெரியும். அந்த வருசம் ஜூன் 17இல ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தது, ஒரே நாளில 80 லட்சத்துக்கு மேல டவுன்லோட் எண்டு கின்னஸில போட்டவை, அதில ஒண்டு எங்கட. போட்டுத் திறந்தன், பக்கம் ஒழுங்கா வந்தது. அப்பு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு "கொடிகாமம்" எண்டு விரல் வச்சு வாசிச்சார். அவற்ற ஊர் அது.

காவிரிக்கரை:
வெள்ளவத்தை அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல.

@ஸ்க்ரூடிரைவர், பேங்க் எல்லாம் அப்பா போன்லதான் பாக்குறார், இதுல பேப்பர் படிக்கிறதும் பட்டா, பழைய பத்திரம் ஸ்கேன் பண்றதும்தான். அந்த ஸ்கேனருக்கு 7-க்கு அப்புறம் டிரைவரே வரல, அதனாலதான் அப்படியே க்ளோன் பண்ணேன். சும்மா பண்ணல.

ஸ்க்ரூடிரைவர்:
அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி! பழைய ஸ்கேனர் நிறைய லினக்ஸ்ல டிரைவர் தேடாமலே ஓடும். பொங்கலுக்குப் போறப்ப பெண்டிரைவ்ல மின்ட்டை பூட் பண்ணி, மெனுல டாக்குமென்ட் ஸ்கேனர்னு இருக்கும், திறந்து பாருங்க. ஸ்கேனர் பேரு அதுல வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது. வரலன்னா மாடல் நம்பரை இங்க போடுங்க, நான் தேடித் தர்றேன்.